றிப்போட்டில் அந்த வரியை அழிக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம்?

அரும்பு (வெள்ளவத்தை)

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில ஒரு மொண்டிசோரியில ரெண்டாவது டீச்சரா இருக்கேன். சொந்த ஊர் பொகவந்தலாவை. டிப்ளோமா இன்னும் முடியல, படிச்சிக்கிட்டே வேலை.

எங்க வகுப்புல ஒரு பையன், மூணே முக்கால் வயசு. தண்ணி, பால், வேணா, இப்படி தனித்தனியாத்தான் சொல்லுவான். ரெண்டு சொல்லச் சேத்து சொல்லி நான் கேட்டதே இல்ல. பின்னால நின்னு கூப்பிட்டா சில நாள் திரும்புவான், சில நாள் திரும்பமாட்டான். ஏதாவது வேணும்னா கையப் புடிச்சி இழுத்துக்கிட்டுப் போய் காட்டுவான். மத்தபடி கெட்டிக்காரன். படத்துண்டு சேக்கிறதுல அவன யாரும் முந்த முடியாது.

தவணை றிப்போட்டுல "காதையும் பேச்சையும் ஒருமுறை பரிசோதித்துப் பார்ப்பது நல்லது"ன்னு எழுதினேன். மேடம் அந்த வரிய எடுத்துட்டு "எல்லோருடனும் நன்றாகப் பழகுகிறான்"னு போடச் சொல்றாங்க. போன வருஷம் இப்படி ஒரு அம்மாகிட்ட சொன்னதுக்கு அவங்க புள்ளைய நிப்பாட்டிட்டாங்களாம். அதே ஃபிளாட்ல இருந்து வந்த மத்தப் புள்ளைங்களும் அவங்க பின்னாலயே போயிருச்சாம். மேடம் கெட்டவங்க இல்ல. கட்டட வாடகை எவ்வளவுன்னு எனக்கும் தெரியும்.

அந்த அம்மா தினமும் வாசல் கேட்டுக்கிட்ட நின்னு "எப்படி மிஸ் இருக்கான்?"னு கேக்குறாங்க. மேடத்துக்குத் தெரியாம சொல்லிறலாமா? வேலையும் எனக்கு வேணும்.

கொட்டாஞ்சேனை ரீச்சர்

பிள்ளை, முதல் ஒண்டு. "பேச்சுப் பிந்துது" எண்டு தீர்ப்புச் சொல்லுறது உம்மட வேலையில்லை, என்ரையும் இல்லை. அதுக்குப் படிச்ச ஆக்கள் இருக்கினம். எங்கட வேலை கண்டதை எழுதுறது. நீர் றிப்போட்டில எழுதின வரி ஒரு ஆலோசனை. அதை ஆரும் அழிக்கச் சொல்லலாம். ஆனா இப்பிடி எழுதிப் பாரும்: "செவ்வாய், காலமை பத்து மணி, மணல் பெட்டி. வாளி வேணுமெண்டு என்ர கையைப் பிடிச்சு இழுத்தான். நான் 'வாளி' எண்டு சொல்ல, திருப்பி 'வாளி' எண்டான். பின்னால நிண்டு இரண்டு தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டன், திரும்பேல்லை. தோளில தொட்டதும் திரும்பிச் சிரிச்சான்." இதில எந்தச் சொல்லை உங்கட மேடம் அழிக்கச் சொல்லுவா? நடந்தது நடந்ததுதானே.

கொழும்பில ஒவ்வொரு ஒழுங்கையிலயும் மொண்டிசோரி எண்டு போர்டு கிடக்கு. அந்தப் பேர் மரியா மொண்டிசோரி எண்ட மனுசியின்ர பேர், அவ ஒரு டொக்டர் எண்டது கனபேருக்கு ஞாபகமில்லை. 1907இல ரோம் நகரத்தில ஏழைப் பிள்ளையளுக்கு வீடு திறந்தவ. 1939இல சென்னை அடையாறுக்கு வந்து, யுத்தம் தொடங்க இத்தாலிக்காரி எண்டபடியால் திரும்பிப் போகேலாமல் அங்கயே மாட்டுப்பட்டவ. 1944இல எங்கட நாட்டுக்கும் வந்து பயிற்சி குடுத்தவ. அவ தந்த பெரிய சாமான் பிள்ளையள் அடுக்கி விளையாடுற அந்த இளஞ்சிவப்பு மரக்கட்டைக் கோபுரம் இல்லை. டொக்டர்மார் நோயாளியைப் பார்த்துக் குறிக்கிற மாதிரி, குறுக்கிடாமல் பிள்ளையைப் பார்த்துக் குறிக்கிற பழக்கம். மரச்சாமானை எல்லாரும் வாங்கி வைச்சிருக்கினம், குறிப்புக் கொப்பியைத்தான் காணேல்லை.

கேட்டடியில மட்டும் வாய் திறக்காதையும். அங்க வான்காரர், மற்றத் தாய்மார், எல்லாற்ற காதும் நிக்கும்.

மூன்று பிள்ளைகளின் அப்பா

கேட்டடி விஷயத்தில ரீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்கட ரெண்டாவது ஆளும் பிந்தித்தான் கதைச்சவன். அப்ப இருந்த மிஸ் மனைவியிட்ட சொன்னது வான் பக்கத்தில, மற்ற அம்மாமாருக்கு முன்னால. பின்னேரம் அது வட்ஸ்அப் குழுவில "பாவம் அந்தப் பிள்ளை" என்டு வந்திட்டு. மனைவி மூண்டு நாள் சாப்பிடேல்ல. நான் அந்த மிஸ்ஸோட சண்டைக்குப் போனன். அவ சொன்ன விஷயம் உண்மை, அதில எனக்குக் கோபம் இல்ல. சொன்ன இடம்தான் கோபம்.

அதோட, அப்பாவையும் கூப்பிடுங்கோ. தாயைத் தனிய இருத்திச் சொன்னா, வீட்டுக்குப் போய் அதை மாமியாருக்கும் புருஷனுக்கும் விளங்கப்படுத்துற பாரமும் அவ தலையில. "நீ எந்த நேரமும் ஃபோனைக் குடுத்ததாலதான்" என்டு பேச்சு வாங்குறதும் அவதான்.

தெஹிவளை முன்பள்ளி

நானும் ஒரு முன்பள்ளி நடத்துகிறேன், அதனால் இங்கே எல்லோரும் திட்டப்போகும் அந்த மேடத்தின் பக்கத்தில் கொஞ்சம் நிற்கிறேன். வாடகை, மின்சாரக் கட்டணம், ஆசிரியைகளின் சம்பளம் எல்லாம் பெற்றோர் தரும் கட்டணத்திலிருந்துதான் வர வேண்டும். ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டு போனால் அடுத்த மாதம் யாருடைய சம்பளத்தில் கை வைப்பது என்று யோசிக்கிறவள் நான்தான். அனுபவம் குறைந்த ஆசிரியை ஒருத்தி "உங்கள் பிள்ளைக்கு ஓட்டிசம் போல" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். பிறகு அந்தப் பெற்றோருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது நான்.

றிப்போட் பள்ளியின் பெயரில் போகிற ஆவணம். அதில் என்ன வரவேண்டும் என்று சொல்லும் உரிமை நடத்துகிறவருக்கு உண்டு. ஆனால் உண்மையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சர்க்கரை தடவச் சொல்வதை நானும் ஏற்கமாட்டேன். எழுதாமல் விடுவது வேறு, மாற்றி எழுதுவது வேறு.

அரும்பு

மேடம், எழுதாம விட்டாலும் அந்த அம்மாவுக்குத் தெரியாமத்தானே போகும்?

தெஹிவளை முன்பள்ளி

தெரியாமல் போகாது, நேரில் சொல்வோம். பிள்ளையின் காதைப் பற்றிய சந்தேகத்தை வீட்டில் எல்லோர் கையிலும் போகிற காகிதத்தில் நான் எழுதுவதில்லை. இருத்தி, தேநீர் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டுப் பேசுவேன்.

டிப்ளோமா வகுப்புக்காரன்

முன்பள்ளி ஆசிரியைகளுக்கு வகுப்பு எடுக்கிறவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். அமெரிக்காவில் சிறுபிள்ளைக் கல்விக்கான தேசியச் சங்கம் 1989இல் ஓர் ஒழுக்கக் கோவையை ஏற்றுக்கொண்டது, பிறகு 2005இல் திருத்தியது. பிள்ளை, குடும்பம், சக ஊழியர், சமூகம் என்று நான்கு பக்கமும் ஆசிரியருக்கு உள்ள கடமைகளை அது பேசுகிறது. முதல் விதி, பிள்ளைக்குத் தீங்கு செய்யாதே என்பது. மற்ற எந்த விதியோடு மோதினாலும் இதுவே மேலோங்கும் என்று அங்கேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது அதில் வரும் ஒரு பிரிப்பு. இரண்டு நியாயங்கள் மோதி, எதைத் தேர்ந்தாலும் இன்னொன்றைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தால்தான் அது தர்மசங்கடம். செய்ய வேண்டியது இன்னதென்று தெளிவாகத் தெரிந்து, செய்தால் நமக்கு நட்டம் வரும் என்பதால் தயங்கினால் அது தர்மசங்கடமே இல்லை, வெறும் கடமை. அரும்பு, உங்களுடையது இரண்டாவது வகை. அந்தத் தாய்க்குச் சொல்லத்தான் வேண்டும். அதில் விவாதத்துக்கு இடமில்லை. யார் சொல்வது, எங்கே, எந்தச் சொற்களில், உங்கள் வேலை போகாமல் எப்படி என்பதுதான் மிச்சம். அந்தக் கோவையே நிறுவனத்தோடு உடன்பாடு இல்லையென்றால் முதலில் உள்ளேயே பேசி மாற்றப் பாருங்கள் என்கிறது. ஆகவே மேடத்துக்குத் தெரியாமல் தாயிடம் போவது முதல் படி அல்ல. மேடத்திடம் குறிப்போடு போவதுதான் முதல் படி. அவர் கடைசிவரை மறுத்தால் பிறகு பார்ப்போம்.

சலிச்சுப்போன மிஸ் (பம்பலப்பிட்டி)

"வெறும் கடமை." வாசிக்க நல்லா இருக்கு சேர். நட்டம் யாருக்கு வரும் என்டுதான் நீங்க சொல்லேல்ல. காலி வீதியில புடவைக் கடையில நிக்கிற பிள்ளைக்கு என்னைவிடக் கூடச் சம்பளம், ஓ.டி. வேற. எனக்கு ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) இல்ல, நியமனக் கடிதம் இல்ல. கொன்சேட் நேரம் இரவிரவா முகமூடி வெட்டுறன், அதுக்குக் காசு கேட்டா "சேவை மனப்பான்மை வேணும் மிஸ்" என்டு பதில். பிறகு ஒக்டோபர் மாசம் ஆசிரியர் தினத்துக்கு ஒரு ரோசாப்பூ, மேடையில ஒரு ஐயா ஏறி "நீங்கள் இரண்டாவது தாய்மார்" என்டு பேசுவார். தாய் என்டு சொல்லுறது ஏன் தெரியுமா? தாய்க்கு ஆரும் சம்பளம் குடுக்கிறதில்ல.

ஊக்கம் குடுக்கிற கருத்தரங்கு என்டு வாறதெல்லாம் இப்பிடித்தான். ஒழுக்கம் என்டு சொல்லுறது எப்பவும் கீழ நிக்கிறவளுக்கு மட்டும்தானா? நியமனக் கடிதம் குடுக்காதது ஒழுக்கக்கேடு இல்லையா?

டிப்ளோமா வகுப்புக்காரன்

ஒழுக்கக்கேடுதான். அதே கோவையில் நிர்வாகம் ஊழியருக்குச் செய்ய வேண்டியவையும் இருக்கின்றன. ஒரு விஷயம் சொல்கிறேன். 1962இல் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாந்தி என்ற ஊரில் 123 ஏழைப் பிள்ளைகளை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு மட்டும் தரமான முன்பள்ளி கொடுத்து, நாற்பது வயதுவரை தொடர்ந்து பார்த்தார்கள். முன்பள்ளி போனவர்கள் கூடுதலாகச் சம்பாதித்தார்கள், பொலிஸில் அகப்பட்டது குறைவு. முதலீடு பலமடங்காகத் திரும்பி வருகிறது என்று பொருளாதார நிபுணர்கள் இன்றும் காட்டும் உதாரணம் அது. அங்கே படிப்பித்தவர்கள் பொதுப் பாடசாலை ஆசிரியர் தகுதி பெற்றவர்கள் என்பதை நம்மூர் மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

சலிச்சுப்போன மிஸ் (பம்பலப்பிட்டி)

பலமடங்கு லாபம். எங்கட பங்கு எங்க சேர்?

ரஹ்மா மிஸ் (தெமட்டகொட)

சம்பளக் கதைய விடக்கூடாது, ஆனா அரும்புட புள்ளையையும் மறந்துடாதீங்க. அந்தப் புள்ளைக்கு ஒவ்வொரு மாசமும் பெறுமதி.

எங்கட பக்கத்துல எந்த உம்மாகிட்ட பேசினாலும் ரெண்டு பதில் தயாரா இருக்கும். ஒண்டு, "அவர்ட வாப்பாவும் லேட்டாத்தான் பேசின." ரெண்டாவது, "ஊட்டுல தமிழ், ஸ்கூல்ல இங்கிலீஷ், பக்கத்து ஊட்டுல சிங்களம், அதுதான் புள்ள குழம்பிட்டு." ரெண்டாவது கதைய டீச்சர்மாரே சொல்றது எனக்குப் பெரிய கவலை. பல மொழி கேட்டு வளர்றதால பேச்சுக் கோளாறு வாறதில்ல, ஆராய்ச்சி செய்த ஆக்கள் இதைத் தெளிவாச் சொல்லியாச்சு. ரெண்டு மொழியிலயும் சேத்து எத்தனை சொல் இருக்கி என்டு எண்ணணும். மூணு மொழியையும் சேத்து எண்ணியும் சொல் குறைவா இருந்தா அது மொழிட குற்றமில்ல. இதுல பெரிய அநியாயம் என்னன்டா, "ஊட்டுலயும் இங்கிலீஷ்லயே பேசுங்க" என்டு சொல்லி, உம்மாட வாயையும் அடைச்சுடுறது. அரைகுறை இங்கிலீஷ்ல அந்த உம்மா "கம், சிட், ஈட்" மட்டும்தான் சொல்லுவா. தமிழ்ல என்டா கதை சொல்லுவா, சண்டை புடிப்பா, கொஞ்சுவா. புள்ளைக்கு அதெல்லாம் இல்லாமப் போகுது.

ரெண்டு வயசுல ரெண்டு சொல் சேரணும். மூணு வயசுல வெளியாளுக்கும் பெரும்பாலும் விளங்கணும். மூணே முக்காலுக்கு இது கட்டாயம் பார்க்க வேண்டியது. முதல்ல காது. பேச்சுக்கு என்டு போனாலும் காதைத்தான் முதல்ல பரிசோதிப்பாங்க. காதுல சீழ், திரவம் கட்டி நின்டாலும் சில நாள் கேக்கும், சில நாள் கேக்காது. அரும்பு சொன்ன அடையாளம் அப்படியும் இருக்கலாம், வேறயாவும் இருக்கலாம், அதை நாங்க சொல்ல ஏலா.

வழி இப்படி. புள்ள பொறந்தப்போ குடுத்த கிளினிக் கொப்பி எல்லா ஊட்டுலயும் இருக்கி. ஊசி போட்ட பக்கத்த மட்டும்தான் பார்ப்போம். அதுல எந்த வயசுல என்ன செய்யணும் என்டு வளர்ச்சிப் பக்கமும் இருக்கி. அதைத் திறந்து வச்சு உம்மாவையே நிரப்பச் சொல்லுங்க. நீங்க ஒண்டும் சொல்லத் தேவையில்ல, அவவே பார்ப்பா. அதோட அந்தப் பகுதி மிட்வைஃப்கிட்ட இல்லாட்டி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்ல காட்டினா அங்கிருந்து அனுப்புவாங்க. பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியில காசு இல்லாமப் பார்க்கலாம். ராகமையில களனி மருத்துவ பீடத்தோட சேர்ந்த, வளர்ச்சியில குறைபாடு உள்ள புள்ளைகளப் பார்க்கிற அயதி நிலையமும் இருக்கி. தமிழ்ல பேசிப் பயிற்சி குடுக்கிற ஆள் கிடைக்கிறதுதான் கொழும்புல கஷ்டம், அதனால சீக்கிரம் போகச் சொல்லுங்க.

மூன்று பிள்ளைகளின் அப்பா

கிளினிக் கொப்பி யோசனை நல்லது. எங்கட வீட்டில அது எங்க கிடக்குதோ.

இடையில ஒரு கேள்வி. வட்ஸ்அப் குழுவுக்கு நாளுக்கு இருபது படம் வருது. போன கிழமை ஒரு படத்தில பின்னால ஒரு பிள்ளை காற்சட்டை நனைஞ்சு அழுதுகொண்டு நிக்குது. போட்ட ஆள் கவனிக்கேல்லப் போல. இதுக்கு ஒரு முறை இல்லையா?

டிப்ளோமா வகுப்புக்காரன்

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவரின் தரவை விசேட வகையில் வைத்திருக்கிறது. ஆனால் சட்டத்துக்கு முன்னால் சாதாரணக் கேள்வி ஒன்று போதும்: அந்தப் பிள்ளை பதினைந்து வயதில் இந்தப் படத்தைப் பார்த்தால் என்ன நினைக்கும்? இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை அந்தரங்கம் சிறுவருக்கும் உண்டு என்கிறது. மூன்று வயதுக்கு வெட்கம் தெரியாது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையை யாரோ கொடுமைப்படுத்துகிறார்கள் என்ற சந்தேகம் வந்தால், உள்ளே பேசிப் பார், மேடத்தைக் கேள் என்பதெல்லாம் கிடையாது. உடம்பில் அடிபட்ட தழும்பு, சூட்டுக் காயம், பிள்ளை சொல்லும் சில விஷயங்கள், இவற்றைக் கண்டால் 1929க்கு எடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். பராமரிப்பில் உள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவில் குற்றம். அது பெற்றோருக்கும் பொருந்தும், ஆசிரியைக்கும் பொருந்தும்.

கொட்டாஞ்சேனை ரீச்சர்

பம்பலப்பிட்டி மிஸ்ஸுக்கு ஒண்டு சொல்ல வேணும். ரோசாப்பூக் கதை எனக்கும் அலுத்ததுதான். நான் முப்பது வருசத்துக்கு மேல இந்த வேலையில கிடந்தனான், அந்த மேடைப் பேச்சால ஒரு நாளும் வயிறு நிறையேல்லை.

என்னைப் பிடிச்சு வைச்சிருந்தது வேற. போலந்தில யானுஸ் கோர்ச்சாக் எண்டு ஒரு பிள்ளை வைத்தியர், வார்சோவில யூத அனாதைப் பிள்ளையளுக்கு இல்லம் நடத்தினவர். 1942இல நாசிக்காரர் பிள்ளையளைக் கொல்லக் கொண்டுபோகேக்க, தப்ப வழி இருந்தும் விட்டிட்டு அவையோட ரயில் ஏறினவர். கருத்தரங்கில எல்லாரும் அந்தச் சாவைத்தான் சொல்லி அழப்பண்ணுவினம். எனக்கு அது இல்லை. அந்தாள் இல்லத்தில பிள்ளையளைக் கொண்டே ஒரு நீதிமன்றம் நடத்தினவர். பிள்ளையள் நீதவான்மார். பெரியாக்கள் மேலையும் வழக்குப் போடலாம். அவரையே பிள்ளையள் கூண்டில ஏத்தியிருக்கினம், அவரும் போய் நிண்டிருக்கிறார். இதை முதல் முதல் வாசிச்ச அண்டைக்கு நான் வகுப்பில நிண்டு யோசிச்சன், இந்தப் பிள்ளையள் எனக்கு வழக்குப் போட்டால் எதுக்குப் போடுவினம் எண்டு. "மிஸ் எனக்குப் பசிக்கேல்லை எண்டும் தீத்தினவ." "மிஸ் அவன்ர படத்தை மட்டும் சுவரில ஒட்டினவ." அதுக்குப் பிறகு வேலை ஒரு நாளும் சலிக்கேல்லை.

எங்கட பக்கத்திலயும் ஒராள் இருந்தவர். குஜராத்தில கிஜுபாய் பதேக்கா, சட்டத்தரணி. வக்கீல் வேலையை விட்டிட்டு, 1920இல பவநகரில பாலமந்திர் எண்ட முன்பள்ளி தொடங்கினவர். பிள்ளையள் இருக்கிற இடத்தில அடியும் பயமும் கூடாது எண்டு நிண்டவர். "மீசை வைச்ச அம்மா" எண்டு சனம் கூப்பிட்டதாம். மிஸ், பாரும், ஆம்பிளையையும் அம்மா எண்டுதான் சொல்லியிருக்கினம். ஆனா நியமனக் கடிதம் கேளும். அதைக் கேக்கிறதால உம்மட சேவை ஒண்டும் குறையாது.

சலிச்சுப்போன மிஸ் (பம்பலப்பிட்டி)

நீதிமன்றக் கதை எனக்குத் தெரியாது ரீச்சர். என்ர வகுப்பில போட்டா நான் ஆயுள் கைதி.

அரும்பு

எல்லாருக்கும் நன்றி. நடந்தத சொல்றேன். ரீச்சர் சொன்ன மாதிரி ரெண்டு வாரம் எழுதின குறிப்ப மேடத்துக்கிட்ட குடுத்தேன். வாசிச்சிட்டு ஒண்ணும் சொல்லல. மறுநாள் அவங்களே "ஆபிஸ்ல வச்சு நான் பேசுறேன், நீ பக்கத்துல இரு"ன்னாங்க. அம்மா, அப்பா ரெண்டு பேரையும் கூப்பிட்டோம், கிளினிக் கொப்பியோட.

நல்லா போச்சுன்னு சொல்ல முடியாது. அப்பா கோவப்பட்டாரு. "நீங்க எங்க படிச்சீங்க?"ன்னு என்னக் கேட்டாரு. மேடம் எனக்காகப் பேசுனாங்க, அத நான் எதிர்பார்க்கல. அம்மா அழுதாங்க. கொப்பிய விரிச்சதும் அந்தப் பக்கத்துல ஒரு புள்ளிகூட போடாம இருந்துச்சு. அப்புறம் காது பரிசோதனைக்குப் போயிருக்காங்க, முடிவு என்னன்னு எங்கக்கிட்ட சொல்லல. கேக்கவும் இல்ல. பையன் வந்துக்கிட்டு இருக்கான். ஆனா இனிமே எல்லா றிப்போட்டும் மேடம் பார்த்துட்டுத்தான் போகணும்னு புது சட்டம்.

இப்ப வேற பிரச்சின. அந்த அம்மா தீபாவளிக்கு எனக்கு ஒரு சேலை கொண்டுவந்து தந்தாங்க. கூடவே, பின்னேரத்துல வீட்டுக்கு வந்து பையனோட ஒரு மணித்தியாலம் பேசி விளையாடுங்க, மாசம் இவ்வளவு தர்றோம்னு சொன்னாங்க. என் சம்பளத்துல பாதி அது.

தெஹிவளை முன்பள்ளி

என் பள்ளியில் இதற்கு எழுத்தில் விதி உண்டு: வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு வீட்டு வகுப்பு கிடையாது. சம்பளம் போதாததால்தான் கேட்கிறார்கள் என்று தெரியும், அதனால் அந்த விதியைப் போட்ட வருடமே சம்பளத்தையும் கூட்டினேன். உங்கள் மேடத்திடம் அதையும் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை ரீச்சர்

வீட்டு வகுப்பு வேண்டாம் பிள்ளை. அந்தத் தாய் தாற காசை வாங்கிக்கொண்டு அடுத்த தவணை அவன்ர குறிப்பை எழுதேக்க உம்மட பேனை சும்மா ஓடாது. அதோட அவனுக்குத் தேவையானது பயிற்சி உள்ள ஆள். நீர் போய் நிண்டா, அவை அதே போதுமெண்டு அங்க போகாமல் விட்டிடுவினம்.

சேலையை மேடத்துக்குக் காட்டிப்போட்டு வைச்சிரும். பெருநாளுக்குத் தந்ததைத் திருப்பிக் குடுத்தா அவையை அவமதிச்ச மாதிரி. அடுத்த முறை வகுப்புக்கு ஒரு கதைப்புத்தகம் வாங்கித் தரச் சொல்லும்.

அரும்பு

சரி ரீச்சர், வகுப்பு வேணாம்னு நாளைக்கே சொல்லிடுறேன். சேலை மயில் கழுத்து நிறம், அத மேடம் பார்த்தா எங்க வாங்கினதுன்னுதான் முதல்ல கேப்பாங்க.